டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பிப் போடுங்க

போன வாரம் ஒரு காலேஜ் தம்பி கடைக்கு வந்தார். கையில் மஞ்சப்பை, பைக்குள் ஒரு மாதம் முன்னால் அவர்கள் டிபார்ட்மென்ட்டுக்கு நாங்கள் அடித்துக் கொடுத்த கறுப்பு டி-ஷர்ட். "அண்ணே, ஒரே வாஷ்ல போயிருச்சுண்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். விரித்துப் பார்த்தேன். நெஞ்சில் இருந்த வெள்ளை எழுத்துகளில் முதல் மூன்று மட்டும் எண்ணெய் தடவினது மாதிரி மினுமினுவென்று இருந்தன. மூன்றாவது எழுத்தின் ஓரம் இழுபட்டு, கறுப்புத் துணிமேல் ஒரு வெள்ளைத் தீற்றல் விழுந்திருந்தது, தீற்றல் முடிகிற இடத்தில் அயர்ன் பாக்ஸ் மூக்கு அச்சு அசலாகப் பதிந்திருந்தது.

"துவைச்சது யாரு தம்பி?"

"அம்மாண்ணே."

"தேய்ச்சது?"

"நான்தாண்ணே. காலையில அவசரத்துல."

அன்றைக்கு அடித்த 40 டி-ஷர்ட்டும் ஒரே மை, ஒரே ஸ்கிரீன் (டிசைன் வழியாக மட்டும் மையை இறக்கிவிடுகிற சல்லடைச் சட்டம்), ஒரே சூட்டில் போன சரக்கு, மற்றவர்களுடையது எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று அவரே சொன்னார். அவருக்கு வேறு ஒன்று அடித்துக் கொடுத்தேன். ஆனால் அவர் போன பிறகும் மனது கேட்கவில்லை, ஏனென்றால் இதை எப்படித் துவைக்க வேண்டும், எப்படித் தேய்க்க வேண்டும் என்று அந்த 40 பேரில் ஒருவருக்கும் நான் சொல்லி அனுப்பவில்லை, கவரில் போட்டு பில்லோடு கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் ஒன்றில் ஆறு வருஷம் இருந்தவன். முதலில் ஸ்கிரீனில் மை இழுக்கிற வேலை, அப்புறம் கியூரிங் மிஷின். இப்போது மதுரையில் சிம்மக்கல் பக்கம் சின்னக் கடை. கியூரிங் என்பது அடித்த மையைச் சூட்டில் வேகவைத்துத் துணியோடு பிடிக்க வைக்கிற வேலை. அந்த மிஷின் பக்கத்தில் நின்ற வருஷங்களில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: பிரிண்டை உருவாக்குவதும் சூடுதான், அதைக் கெடுப்பதும் பெரும்பாலும் சூடுதான். தண்ணீரால் கெட்டுப்போன பிரிண்டை நான் பார்த்தது கொஞ்சம், சூட்டால் கெட்டுப்போனதைப் பார்த்தது நிறைய.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன பிரிண்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு லேபிள் எல்லாம் தேவையில்லை, விரல் போதும். கண்ணை மூடிக்கொண்டு பிரிண்ட் மேலே தடவிப் பாருங்கள். துணிக்கும் பிரிண்டுக்கும் வித்தியாசமே தெரியாமல், நூலின் வரிகள் விரலில் தட்டுப்பட்டால் அது பிக்மென்ட், இல்லையென்றால் டிஸ்சார்ஜ். பிக்மென்ட் என்றால் நிறத்தூளையும் அதை நூலில் பிடித்து வைக்கிற பசையையும் சேர்த்து அடிப்பது. டிஸ்சார்ஜ் என்றால் துணியில் ஏற்கெனவே இருக்கிற சாயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு நிறம் வைப்பது. இரண்டும் நூலோடு போய்விடுவதால் வெடிக்காது, உரியாது. நாளாக நாளாக மங்கும், அவ்வளவுதான்.

தடவும்போது மேலே ஒரு தோல் மாதிரி வழவழவென்று இருந்தால் அது ரப்பர் பிரிண்ட் அல்லது பிளாஸ்டிசால். எங்களுக்கு இரண்டும் வேறு வேறு மை, ஆனால் வீட்டில் துவைக்கிறவர்களுக்கு ஒன்றுதான், இரண்டும் துணிக்குள் இறங்காமல் துணிமேல் உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிசால் என்பது பிவிசி தூளை, அதை இளக்கி வைக்கிற எண்ணெய் மாதிரியான ஒரு திரவத்தில் கலந்த மை. சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு கிடைத்தால்தான் அது வெந்து ஒரே படலமாகும். வெந்த பிறகும் அது பிளாஸ்டிக் குணத்தை விடாது, மறுபடியும் சூடு பட்டால் இளகும், இளகியது எதன் மேல் பட்டாலும் ஒட்டும். அந்தத் தம்பியின் சட்டையில் நடந்தது இதுதான்.

மூன்றாவது, இப்போது எல்லோரும் "ஸ்டிக்கர்" என்று சொல்கிற டிடிஎஃப். படத்தை ஒரு ஃபிலிமில் அடித்து, அதன் பின்னால் பசைத்தூளைத் தூவி உருக்கி, 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் துணிமேல் அழுத்தி ஒட்டுவது. எத்தனை நிறம் இருந்தாலும் வந்துவிடும், ஒரே ஒரு டி-ஷர்ட் வேண்டும் என்றாலும் அடித்துத் தரலாம் என்பதால் இன்றைக்கு என் கடையிலும் பாதி வேலை இதுதான். பெயர் எழுதுகிற வினைல் கட்டிங்கும் இந்த ஜாதிதான். இதில் பிரிண்ட் நன்றாகவே இருக்கும், பசைதான் பலவீனம், ஓரத்தில் லேசாகத் தூக்கிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு துவைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும்.

கபடி, கிரிக்கெட் டீம்களுக்குப் போடுகிற ஜெர்சி முழுக்க முழுக்க வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, துவைப்புக்கு வருவோம். எந்த பிரிண்டாக இருந்தாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்தாலே பாதிக் கவலை விட்டது. வேர்வையும் அழுக்கும் இருப்பது உள்பக்கத்தில்தானே, சோப்பு அங்கே படட்டும். பிரிண்ட் உள்ளே ஒளிந்துகொள்ளும், ஜீன்ஸ் ஜிப்பும் சட்டைப் பட்டனும் அதை உரசாது. டிடிஎஃப் அடித்துக் கையில் வாங்கினால் குறைந்தது ஒரு நாள் முழுக்க விட்டு அப்புறம் துவையுங்கள், பசை நன்றாக இறுகட்டும்.

எங்கள் அப்பத்தா புதுச் சுங்குடிச் சேலை வாங்கினால் முதலில் கல்லுப்புத் தண்ணீரில் ஊற வைக்காமல் கட்டவே கட்டாது. சாயம் பிடிக்கும் என்று சொல்லும். நானும் ரொம்ப நாள் அதை அப்படியே நம்பி, புது டி-ஷர்ட்டுக்கும் செய்துகொண்டிருந்தேன். திருப்பூர் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. பருத்திக்கு இப்போது போடுகிற சாயத்தில் உப்பு நிஜமாகவே ஒரு வேலை செய்கிறது, ஆனால் அது சாயத் தொட்டிக்குள்ளே, சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு. அதைக் கெட்டியாகப் பிடிக்க வைப்பது சோடா மாதிரியான காரம். வீட்டில் வாளியில் உப்புப் போடுவதால் புதிதாக எதுவும் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் அப்பத்தா சொன்னதில் மற்றது எல்லாம் சரி: முதல் இரண்டு தடவை தனியாக அலசு, வெள்ளைத் துணியோடு சேர்க்காதே, நிழலில் போடு. உப்பை மட்டும் விட்டுவிட்டு நான் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் துவையுங்கள் என்று எல்லா லேபிளிலும் போட்டிருக்கும். மதுரையில் ஏப்ரல், மே மாதத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வருகிற தண்ணீரில் கையை வைக்க முடியாது. அந்தத் தண்ணீரில் டி-ஷர்ட்டை ஊற வைத்தால் நீங்கள் அறியாமலே அதை வெந்நீரில் போடுகிறீர்கள் என்று அர்த்தம். பருத்திப் பின்னல் துணி அதில் வேகமாகச் சுருங்கும், சாயமும் இறங்கும். கோடையில் விடிகாலை ஆறு, ஆறரைக்குத் துவைத்துவிடுங்கள், இல்லையென்றால் முந்தின ராத்திரியே இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுருங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டி-ஷர்ட் நெய்த துணி இல்லை, பின்னல் துணி. மிஷினில் வரும்போதே நீளவாக்கில் இழுபட்டு வருகிறது, முதல் தடவை தண்ணீர் பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். துணி சுருங்கும், மேலே இருக்கிற ரப்பர் பிரிண்ட் சுருங்காது. லைனிங் வைத்துத் தைத்த பிளவுஸில் லைனிங் மட்டும் சுருங்கினால் எப்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதே மாதிரிதான் பிரிண்டைச் சுற்றி அலை அலையாகத் துணி எழும்பும். நெஞ்சு முழுக்கப் பெரிய பிரிண்ட் போட்டதில் இது நன்றாகத் தெரியும். வாங்குகிறபோதே கொஞ்சம் கனமான துணியாக, முன்கூட்டியே சுருக்கிய துணியாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். 180 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கீழே பெரிய ரப்பர் பிரிண்ட் போட வேண்டாம் என்று நான் கஸ்டமரிடம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊற வைப்பது பத்து, பதினைந்து நிமிஷம் போதும். ராத்திரி ஊற வைத்துக் காலையில் துவைக்கிற பழக்கம் வேட்டிக்கும் போர்வைக்கும் சரி, டி-ஷர்ட்டுக்கு வேண்டாம். துவைக்கிற கல்லில் அடிக்கவே கூடாது. பிரிண்ட் மேல் பிரஷ் போடக் கூடாது, பார் சோப்பை நேராகத் தேய்க்கவும் கூடாது. எல்லாவற்றையும் விட, முறுக்கிப் பிழியாதீர்கள். ஈரமான பின்னல் துணியை முறுக்கினால் அது நன்றாக நீளும், மேலே இருக்கிற படலத்தால் அந்த அளவுக்கு நீள முடியாது, அங்கேதான் முதல் விரிசல் விழுகிறது, நிறைய பேர் துவைத்ததில் வெடித்தது என்று நினைப்பது உண்மையில் பிழிந்ததில் வெடித்தது. இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு பழைய துண்டில் சுருட்டி ஒரு தடவை அழுத்தினால் போதும், மதுரைக் காற்றில் மிச்சம் தானாகக் காய்ந்துவிடும்.

மிஷினில் போடுகிறவர்கள் ஜென்டில் மோடில், குளிர்ந்த தண்ணீரில், ஸ்பின்னைக் குறைத்துப் போடுங்கள். ஜீன்ஸோடு சேர்க்காதீர்கள். துணி மென்மையாவதற்கு ஊற்றுகிற கண்டிஷனர் டிடிஎஃப்புக்கும் வினைலுக்கும் ஆகாது, அது நூல்மேல் ஒரு வழவழப்பைப் பூசிவிட்டுப் போகிறது, பசை அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதானே நிற்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இன்னொரு விஷயம். எங்கள் செல்லூர் வீட்டில் போர் தண்ணீர் உப்பு. சோப்புப் போட்டால் நுரையே வராது. அதில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு கசடாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு டி-ஷர்ட் நாலு மாதத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஆவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தக் கசடுதான், சாயம் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பார் சோப்பை விட லிக்விட் டிடர்ஜென்ட் இதில் தேவலை, கரையாத பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டுவதும் இருக்காது. முடிந்தால் கடைசி அலசல் மட்டுமாவது கார்ப்பரேஷன் தண்ணீரில் அலசுங்கள். அம்மா முதலில் "நல்ல தண்ணியைத் துணிக்கு ஊத்துறியாடா" என்று சண்டைக்கு வந்தார்கள். அரை வாளிதான் செலவு என்று காட்டின பிறகு விட்டுவிட்டார்கள்.

கறைக்கு வருகிறேன், நம்ம ஊரில் டி-ஷர்ட்டில் படுகிற கறைகளில் முதல் இடம் சால்னாவுக்கு. அதற்கடுத்து ஊர்த் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு. இரண்டிலும் இருப்பது மஞ்சள். மஞ்சள் கறைமேல் சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், பயந்துவிட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சளின் குணம் அப்படித்தான், அலசி எடுத்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். முதலில் எண்ணெயை எடுங்கள்: பாத்திரம் துலக்குகிற லிக்விட் இரண்டு சொட்டு, துணியின் உள்பக்கத்தில் இருந்து விரலால் மெதுவாக. மிச்சமிருக்கிற மஞ்சளுக்கு மருந்து வெயில்தான், மஞ்சள் நிறம் வெயிலில் தாங்காது. பிரிண்டை மறைத்து மடித்து, கறை பட்ட இடம் மட்டும் வெயிலில் தெரிகிற மாதிரி ஈரத்தோடு போட்டு வைத்தால், ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ மங்கிவிடும். பிளீச்சிங் எல்லாம் வேண்டாம்.

செம்மண், சேறு என்றால் ஈரத்தில் கை வைக்கவே கூடாது. பாலமேடு, அலங்காநல்லூர் களத்தில் இறங்கிவிட்டு வருகிற தம்பிகளின் டி-ஷர்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதை அப்படியே நன்றாகக் காய விட்டு, உதறி, உள்பக்கத்தில் இருந்து தட்டி மண்ணை இறக்கிவிட்டு, அப்புறம் தண்ணீரில் போடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் மண் நூலுக்குள் இறங்குவதோடு, அந்த மணலே பிரிண்டை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

கிரீஸ் கறைக்கு மெக்கானிக் கடையில் பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைப்பார்கள். பிரிண்ட் இருக்கிற துணியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், நெயில் பாலிஷ் எடுக்கிற திரவமும் அதேதான். ரப்பர் பிரிண்டும் பிளாஸ்டிசாலும் அதில் இளகி, கையோடு வந்துவிடும். கறை இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற அளவுக்கு ஆகிவிடும்.

காயப்போடுவது: நிழல், காற்று, உள்பக்கம் வெளியே. வெயிலின் புற ஊதாக் கதிர்தான் நிறத்தை மங்க வைப்பது, சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் கிடந்த டி-ஷர்ட்டின் தோள்பட்டையைப் பார்த்தாலே தெரியும், அங்கே மட்டும் வேறு நிறமாக இருக்கும். தோள்பட்டையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் கழுத்து இறங்கிவிடும், கீழ் ஓரத்தைக் கொடியில் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்துப் போடுகிற பழக்கத்தை மட்டும் டி-ஷர்ட்டுக்கு விட்டுவிடுங்கள், கால் வைக்க முடியாத சூட்டில் கொதிக்கிற சிமென்ட் மேல் ரப்பர் பிரிண்ட் முகம் குப்புறக் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எடுத்ததும் அந்தச் சூட்டோடு மடித்தும் வைக்காதீர்கள்.

இப்போது தேய்ப்பு. இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட வலி இருக்கிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக தமுக்கம் மைதானத்தில் கூட்டம் இராப்பகலாக உட்கார்ந்திருந்தபோது நான் திருப்பூரில் இருந்தேன். மனது இங்கேயே கிடந்தது. கூட வேலை பார்த்த பையன்களில் நாங்கள் நாலு பேர் மதுரைப் பக்கம். யூனிட்டில் கேட்டு, மிச்சம் கிடந்த கறுப்புத் துணியில் ஒரே ராத்திரியில் 60 டி-ஷர்ட் அடித்தோம். நெஞ்சில் திமிலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு காளை, வெள்ளை ரப்பர் பிரிண்ட், எழுத்து எதுவும் கிடையாது. விடியக்காலை பஸ் ஏறி, தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக ஆரப்பாளையத்தில் இறங்கி, நேராக தமுக்கத்துக்குப் போய் அங்கே கேட்டவர்களுக்கு எல்லாம் கொடுத்தோம். ஒன்று எனக்கு வைத்துக்கொண்டேன். அதற்கு அப்புறம் வருஷா வருஷம் பொங்கலுக்கு அதைத்தான் போடுவேன்.

நாலாவது பொங்கலுக்கு முன்னால், வேட்டி சட்டையோடு அதையும் சேர்த்துத் தெருமுனைத் தேய்ப்பு வண்டியில் கொடுத்தேன். உள்பக்கம் திருப்பிக் கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அந்த அண்ணன் வைத்திருந்தது கரிப்பெட்டி. அதில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு கிடையாது, விரலால் தண்ணீரைத் தெளித்து அது எழுப்புகிற சத்தத்தை வைத்துத்தான் அளவு பார்ப்பார்கள். கஞ்சி போட்ட காட்டன் வேட்டிக்குச் சரியாக இருக்கிற சூடு அது. அடுத்து என் டி-ஷர்ட் வந்திருக்கிறது, பெட்டியை வைத்து இழுத்திருக்கிறார், காளையின் திமில் பெட்டியோடு போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுவந்தார். "தம்பி, இப்படி ஆகிப்போச்சுய்யா, எவ்வளவுன்னு சொல்லு, குடுத்துர்றேன்" என்றார். என்ன சொல்வது அவரிடம்? தப்பு என் மேல்தான். கியூரிங் மிஷினில் நின்றவன் நான், அந்தப் பிரிண்ட் எத்தனை டிகிரியில் இளகும் என்று தெரிந்தவனும் நான். அவரிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. "திருப்பிக் குடுத்திருக்கணும்ணே, நான்தான் சொல்லல" என்று சொல்லி அனுப்பினேன்.

அதனால் தேய்க்கக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து உள்பக்கம் திருப்பி, மடித்து, வாயாலும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். அவர் ஒரு நாளைக்கு எத்தனையோ துணி பார்க்கிறவர், ஒவ்வொன்றிலும் என்ன மை என்று தடவிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.

வீட்டில் தேய்க்கிறவர்களுக்கு. அயர்ன் பாக்ஸிலும் துணி லேபிளிலும் புள்ளி போட்டிருக்கும். ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி வரை, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. காட்டன் என்று எழுதியிருப்பது மூன்று புள்ளி. டி-ஷர்ட் காட்டன்தானே என்று அங்கே திருப்பி வைக்கிறார்கள். துணிக்கு அது சரிதான், துணிமேல் உட்கார்ந்திருக்கிற பிரிண்டுக்கு 200 டிகிரி என்பது அதை வேகவைத்த சூட்டை விட 40 டிகிரி அதிகம். பிக்மென்ட் என்றால் உள்பக்கமாகத் திருப்பி இரண்டு புள்ளியில் தாராளமாகத் தேய்க்கலாம். ரப்பர், பிளாஸ்டிசால், டிடிஎஃப் எல்லாவற்றுக்கும் ஒரு புள்ளி, உள்பக்கம், ஸ்டீமை அணைத்துவிட்டு. திருப்பிப் போட்டாலும் ஒரு ஆபத்து இருக்கிறது, சூடு துணியைத் தாண்டிக் கீழே இறங்கி, பிரிண்ட் முதுகுப் பக்கத் துணியிலோ தேய்க்கிற விரிப்பிலோ ஒட்டும், ஆகவே டி-ஷர்ட்டுக்குள் ஒரு பட்டர் பேப்பரை நுழைத்துக்கொள்ளுங்கள், கேக் சுடும்போது தட்டில் விரிப்பார்களே அது. மெழுகு பூசிய தாள் ஆகாது, உருகிவிடும். பிரிண்ட் இருக்கிற இடத்தில் பெட்டியை இழுக்காதீர்கள், வைத்து எடுங்கள், நாலைந்து விநாடிக்கு மேல் வேண்டாம்.

பஃப் பிரிண்ட் என்று உப்பலாக இருக்குமே, அதன்மேல் எந்தச் சூட்டிலும் பெட்டி படக் கூடாது, அமுங்கினால் மறுபடி எழாது. தங்கக் கலர் ஃபாயிலும் அப்படித்தான், பளபளப்பு போய்விடும்.

உண்மையைச் சொன்னால் பெரும்பாலான டி-ஷர்ட்டுக்குத் தேய்ப்பே தேவையில்லை. ஈரத்தில் நாலு உதறு உதறி, கையால் நீவிக் கொடியில் போட்டால் பின்னல் துணி தன் கனத்திலேயே நேராகிவிடும். கழுத்தும் ஓரமும் மட்டும் சுருண்டிருந்தால் அங்கே மட்டும் பெட்டி வையுங்கள்.

ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இழுக்காதீர்கள். பெட்டியை உடனே அணைத்து, ஒட்டின துணியை மெதுவாக ஒரு பக்கமாகப் பிரியுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டிய பிசின் லேசான சூட்டில் இருக்கும்போதே கனத்த பழைய காட்டன் துணியில் தேய்த்து எடுங்கள், கத்தி கொண்டு சுரண்டினால் அடிப்பாகம் கீறிவிடும், அப்புறம் பட்டுப் புடவையைக்கூட அது இழுக்கும். எங்கள் தெருத் தேய்ப்பு அண்ணன் கடைசியில் ஒரு வாழை இலையில் பெட்டியை நாலு இழு இழுப்பார், அடி வழவழவென்று ஆகிவிடும்.

ஜெர்சிக்கு வருகிறேன். கபடி டீம் ஜெர்சி எல்லாம் பாலியஸ்டர். அதில் முழுத்துணிக்கும் டிசைன் அடிப்பது சப்ளிமேஷன் முறை. சுமார் 190, 200 டிகிரியில் மை ஆவியாகிப் பாலியஸ்டர் நூலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும், அதனால் அது வெடிக்காது, உரியாது, துவைப்பதில் ஒரு பயமும் இல்லை. பயமெல்லாம் தேய்ப்பில்தான். சூடு அதிகமானால் துணியே பளபளத்துச் சுருங்கும், உள்ளே போன மை மறுபடி ஆவியாகிப் பக்கத்துத் துணியில் இறங்கும்.

இன்னொரு வகை, சிவப்புப் பாலியஸ்டர் துணியில் வெள்ளை நம்பர் தனியாக அடித்தது. மேலூர்ப் பக்கம் ஒரு ஊர் டீமுக்கு அப்படி அடித்துக் கொடுத்தோம். ஒரு தம்பி போன் பண்ணி, "அண்ணே, ஏழாம் நம்பர் மட்டும் ரோஸ் கலராயிருச்சு" என்றார். தேய்த்திருக்கிறார். பாலியஸ்டருக்குப் போடுகிற சாயம் சூட்டில் ஆவியாகி மேலே ஏறும், மேலே வெள்ளை மை இருந்தால் அதற்குள் புகுந்துவிடும், அதை வெளியே எடுக்க வழி கிடையாது. ஜெர்சியை உதறிப் போடுங்கள், போதும். வேர்வையோடு பைக்குள் சுருட்டி ராத்திரி முழுக்க வைக்காமல், வந்ததும் வெறும் தண்ணீரிலாவது அலசிவிடுங்கள், இல்லையென்றால் பாலியஸ்டரில் அந்த வாடை ஏறி உட்கார்ந்துவிடும்.

எல்லாத் தப்பும் துவைக்கிறவர்கள் மேல்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலில் அவசர ஆர்டர் என்றால் முதலில் பலியாவது கியூரிங். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் மை வெந்திருக்காது. அந்த டி-ஷர்ட்டை நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துத் துவைத்தாலும் முதல் தடவையே தூள் தூளாக உதிரும். வாங்குகிற இடத்திலேயே பிரிண்டை இரண்டு கட்டை விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், நன்றாக வெந்தது துணியோடு நீண்டு துணியோடு திரும்பும், வேகாதது அங்கேயே கோடு கோடாக விரிசல் காட்டும். காட்டினால் வாங்காதீர்கள், ஆர்டர் கொடுத்தது என்றால் திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலும் மறுபடி ஹீட் பிரஸ்ஸில் வைத்து வேகவைத்துத் தர முடியும். என் கடைக்கே அப்படிக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காமல் செய்து தருவேன்.

மிச்சமிருப்பது பீரோ. மேற்குச் சுவரை ஒட்டி வைத்த இரும்பு பீரோ கோடையில் அடுப்பு மாதிரி. ரப்பர் பிரிண்ட் முகத்தோடு முகம் படுகிற மாதிரி மடித்து, மேலே பட்டுப் புடவையும் ஜமுக்காளமும் ஏற்றி வைத்தால், ஆடி மாதம் எடுக்கும்போது இரண்டு பிரிண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். உள்பக்கம் திருப்பியே மடியுங்கள், நடுவில் ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள், செய்தித்தாள் வேண்டாம், அதன் மை துணியில் இறங்கும். பாச்சை உருண்டையைப் பிரிண்ட் மேல் படுகிற மாதிரிப் போடாதீர்கள், அது பிளாஸ்டிக்கை இளக்கும், ஒரு துணியில் முடிந்து மூலையில் வைத்தால் போதும்.

திமில் போன காளை டி-ஷர்ட்டை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், நடுவில் தாள் வைத்து. அந்த ஸ்கிரீன் இப்போது இல்லை, டிசைன் ஃபைலும் இல்லை, மறுபடி வரைந்து திமிலை மட்டும் அடித்துவிடலாம் என்று கடைப் பையன் சொல்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன், சாயங்காலமே குளிர்ந்த தண்ணீரில் அலசி, பின்கட்டு நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன்.